மாடியை வெளியே நீட்டி வீடு கட்டினால் செலவு எங்கே கூடுகிறது?

3 சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. நாகர்கோவில், தக்கலை பக்கம் இந்த அளவு மனையில், நாலு பக்கமும் இடம் விட்டது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். "மாடியை மட்டும் 3 அடி வெளியே எடுத்துக்கலாமே" என்ற யோசனை அப்போதுதான் வரும். 20 அடி நீளத்துக்கு நீட்டினால் 60 சதுர அடி கிடைக்கும். ஆனால் செலவை அந்த 60 சதுர அடிக்கு மட்டும் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

இரு பக்கமும் சுவர் தாங்கும் தளத்துக்கும், ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் 'கான்டிலீவர்' தளத்துக்கும் வித்தியாசம் அதிகம். ஐஎஸ் 456 விதிப்படி, முதல் வகை தளம் 20 அடி போகும் தடிமனில், இரண்டாவது வகை 7 அடிதான் போகலாம். நீளத்தை 3 அடியிலிருந்து 6 அடியாக்கினால், தளத்தின் எடையால் அது வீட்டோடு சேரும் இடத்தில் விழும் வளைவு விசை இரண்டு மடங்கல்ல, 4 மடங்கு. இதைத் தாங்க பீமும் கம்பியும் வீட்டுக்குள்ளேயும் நீள வேண்டும். பணம் போவது அங்கேதான்.

அடுத்தது சுவர். நுனியில் 9 அங்குல செங்கல் சுவரை 10 அடி உயரம் எழுப்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கே 1,300 கிலோ தாண்டும். எடை குறைந்த ஏஏசி பிளாக் வைத்தால் சுமை பாதிக்கும் கீழே இறங்கும். பத்மநாபபுரம் அரண்மனையில் மேல்தளத்திலிருந்து வெளியே சாய்ந்து நிற்பவையும் மரச் சட்டங்கள்தான், கல் சுவர் அல்ல.

கொளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் இன்னொரு செலவும் உண்டு. உப்புக் காற்று நேரடியாகப் படும் இடத்துக்கு விதி கேட்பது எம்30 கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால், மேலே தண்ணீர் தேங்காத சரிவும் அவசியம்.

உயிருக்கே ஆபத்தாகும் தவறு ஒன்று இருக்கிறது. சாதாரண தளத்தில் முக்கியக் கம்பி அடியில் வரும். கான்டிலீவரில் மேலே வர வேண்டும். வார்ப்பு நாளில் ஆட்கள் மிதித்து அது கீழே அமுங்கினால், முட்டு எடுக்கும்போதே தளம் விழலாம். அன்று இன்ஜினியர் நேரில் நிற்பதற்கான கூலியை மிச்சம் பிடிக்கக் கூடாது.

நீட்டிய பகுதி சாலைக்கோ பக்கத்து மனைக்கோ மேலே போகக் கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி வரைபடத்திலேயே காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் இந்தப் பகுதியை முழு ரேட்டில் கணக்கிடுகிறாரா, பாதியிலா என்பதையும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கட்டி முடித்த பிறகு நீட்ட நினைத்தால் பழைய தளத்தை உடைத்து கம்பியைப் பிணைக்க வேண்டும். பாக்கெட்டைப் பதம் பார்ப்பதில் அதுதான் முதலிடம்.