தேர்தல் ஆணையத்தின் அதிகாரம் எதுவரை? நம் பெயர் எந்தத் தொகுதியில்?

மலேசியாவில் தேர்தல் என்றதும் கட்சிகளும் வேட்பாளர்களும் நினைவுக்கு வருவார்கள். ஆனால், வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது, தொகுதி எல்லைகளை ஆராய்ந்து பரிந்துரைப்பது, வாக்களிப்பை நடத்துவது ஆகிய மூன்று பணிகளும் ஒரே அமைப்பின் பொறுப்பில் உள்ளன. அதுதான் எஸ்.பி.ஆர். என்று அழைக்கப்படும் தேர்தல் ஆணையம். 1957 செப்டம்பர் 4ஆம் தேதி, நாடு சுதந்திரம் பெற்ற ஒரு வாரத்திற்குள் இது அமைக்கப்பட்டது.

நியமனமும் பாதுகாப்பும்

கூட்டரசு அரசியலமைப்பின் 114ஆவது பிரிவின்படி, ஆணையத்தில் தலைவர், துணைத் தலைவர், மேலும் ஐந்து உறுப்பினர்கள் இருப்பர். ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்தாலோசித்த பின் மாமன்னர் அவர்களை நியமிக்கிறார். பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆணையமாக அது அமைவதன் முக்கியத்துவத்தை நியமனத்தின்போது கருத்தில் கொள்ள வேண்டும் என அதே பிரிவு கூறுகிறது.

கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்குவதற்குரிய அதே நடைமுறையில்தான் ஆணைய உறுப்பினரையும் நீக்க முடியும். அவர்களின் ஊதியம் நாட்டின் ஒருங்கிணைந்த நிதியிலிருந்து நேரடியாக வழங்கப்படுகிறது. நியமனத்திற்குப் பின் அதைக் குறைக்க இயலாது. ஆளும் தரப்புக்குப் பிடிக்காத முடிவை எடுக்கும்போதும் அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை என்பதே இந்த ஏற்பாடுகளின் நோக்கம்.

எல்லைக் கோடுகள்

நாடாளுமன்றத்தை எப்போது கலைப்பது என்பது ஆணையத்தின் முடிவல்ல. கலைக்கப்பட்ட 60 நாள்களுக்குள் தேர்தல் நடைபெற வேண்டும். அதற்குள் வேட்புமனுத் தாக்கல் நாளையும் வாக்களிப்பு நாளையும் ஆணையம் நிர்ணயிக்கும். 2022இல் அக்டோபர் 10ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, நவம்பர் 19ஆம் தேதி 15ஆவது பொதுத் தேர்தல் நடந்தது.

அத்தேர்தலின்போது, கெடா பாடாங் செராய் தொகுதி வேட்பாளர் எம்.கருப்பையா வாக்களிப்புக்கு மூன்று நாள்களுக்கு முன் காலமானார். ஆணையம் அங்கு வாக்களிப்பை ஒத்திவைத்து, மீண்டும் வேட்புமனுத் தாக்கலுக்கு வழிவிட்டு, டிசம்பர் 7ஆம் தேதி தேர்தலை நடத்தியது.

தேர்தல் முடிவை எதிர்ப்பவர்கள் உயர் நீதிமன்றத்தில்தான் மனு செய்ய வேண்டும். தேர்தல் குற்றங்களுக்காக வழக்குத் தொடுக்கும் அதிகாரமும் ஆணையத்திடம் இல்லை. நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் 2 லட்சம் ரிங்கிட்டுக்கும், சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் செலவிடக் கூடாது என்பது சட்டம். ஆனால், மீறுவோர் மீதான நடவடிக்கை மற்ற அமலாக்கத் தரப்புகளையே சார்ந்துள்ளது.

தொகுதி எல்லை விவகாரத்திலும் இறுதி முடிவு ஆணையத்தின் கையில் இல்லை. அது பரிந்துரையை மட்டுமே தயாரிக்கிறது. பிரதமர் அதனை மக்களவையில் தாக்கல் செய்வார். மொத்த உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேரின் ஆதரவு வேண்டும். 1962க்கு முன் இந்த அதிகாரம் ஆணையத்திடமே இருந்தது.

ஒரு வாக்கு, ஒரே மதிப்பா?

2022 தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்திற்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தனர். சரவாக்கின் ஈகான் தொகுதியிலோ 30,000க்கும் குறைவு. இரண்டுக்கும் மக்களவையில் தலா ஓர் உறுப்பினர்தான். உட்பகுதிகளின் பரப்பளவும் போக்குவரத்துச் சிரமமும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்று சட்டம் கூறினாலும், இவ்வளவு பெரிய இடைவெளி நியாயமா என்ற கேள்வி தொடர்கிறது.

இந்தியச் சமூகத்திற்கு இது கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. பல தொகுதிகளில் நம் வாக்குகள் வெற்றியைத் தீர்மானிக்கக் கூடியவை. எல்லைக் கோடு ஒரு குடியிருப்பை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளினால், அந்த வலிமை கூடலாம் அல்லது கரையலாம்.

தீபகற்ப மலேசியாவின் தற்போதைய எல்லைகள் 2018 மார்ச்சில் அரசிதழில் வெளியிடப்பட்டன. ஒரு மறுஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது எட்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். மறுஆய்வு தொடங்கிப் பரிந்துரை வெளியானதும், பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து ஆட்சேபம் தெரிவித்தால், ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். ஆலய நிர்வாகங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் 100 கையொப்பங்களைத் திரட்டுவது கடினமல்ல.

முகவரியைச் சரிபார்ப்போம்

2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. தானியங்கி வாக்காளர் பதிவும் நடப்புக்கு வந்தது. இதனால் 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

புதிய வாக்காளரின் தொகுதி, மைகாட் அடையாள அட்டை முகவரியை வைத்தே முடிவாகிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தும் பழைய முகவரியையே வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்ற வேண்டும். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர்கள், அதன் பிறகு ஆணையத்திடம் தொகுதி மாற்றத்திற்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

அரசிதழில் வெளியான வாக்காளர் பட்டியலை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கத் தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு இடமளிப்பதில்லை. எனவே, பட்டியல் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும் காலத்திலேயே பிழைகளைச் சுட்டிக்காட்டித் திருத்திக்கொள்வது அவசியம். ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் பதிவு செய்தால், தொகுதி விவரத்தைச் சில நொடிகளில் பார்த்துவிடலாம். வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் 18 வயதை எட்டிய பிள்ளைகளுக்கும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது.