அச்சு முறிந்த ஊரும் சின்னக் கார்களின் கதையும்

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்கள் மதுராந்தகம் தாண்டியதும் அச்சரப்பாக்கத்தைக் கடப்பார்கள். திருஞானசம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் உள்ள ஊர். அச்சிறுபாக்கம் என்பதுதான் பழைய பெயர். அச்சு இற்ற (முறிந்த) இடம் என்று பொருள் சொல்வார்கள். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவபெருமான், விநாயகரை வணங்காமல் தேரில் ஏறினாராம். இந்த இடத்துக்கு வந்ததும் தேரின் அச்சு முறிந்துவிட்டதாம்!

ஒரு கார் சொந்தக்காரரின் கண்ணால் பார்த்தால் இந்தக் கதைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கிளம்பும் முன் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காவிட்டால் எவ்வளவு பெரிய வண்டியும் வழியில் நின்றுவிடும். இதே சாலையின் ஓரத்தில்தான் நம் நாட்டுச் சின்னக் கார்கள் சில பிறந்தன. அவற்றைப் பராமரித்தது யார், அந்தப் பொறுப்பு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

எண்ணெய் கேனும் ஸ்பேனரும்

பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். பானெட்டைத் தூக்கினால் காரின் முன்பக்கம் முழுவதும் முன்னால் மடிந்து திறந்துகொள்ளும். என்ஜினும் முன் சக்கரங்களும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆனால் வேலையும் அதிகம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஒரு திருகு இணைப்புக்கு அவ்வப்போது கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். மறந்தால் அது தேய்ந்து, ஒருநாள் முறிந்து, சக்கரம் மடங்கிவிடும். அச்சரப்பாக்கத்துக் கதையேதான்!

மாருதி வந்தது

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர் என்ஜின். அம்பாசிடர், பத்மினி போன்ற கார்களோடு ஒப்பிட்டால் ரிப்பேர் மிகக் குறைவு. ஆனாலும் கார்புரேட்டர்தான். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வதும், 'டியூனிங்' செய்ய மெக்கானிக்கிடம் போவதும் தொடர்ந்தன. நல்ல மெக்கானிக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். 2014 ஜனவரியில் இந்தக் காரின் உற்பத்தி நின்றது.

காதுக்குப் பதில் கம்ப்யூட்டர்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் தீர்மானித்தது.

லாபம் கார் வைத்திருப்பவருக்குத்தான்: மைலேஜ் கூடியது, சோக் தொல்லை ஒழிந்தது. ஆனால் 'செக் என்ஜின்' விளக்கு எரிந்தால் காது போதாது, ஸ்கேனர் வேண்டும். டைமிங் பெல்ட் போன்றவை எந்தச் சத்தமும் கொடுக்காமல் அறுந்துபோகும். பல என்ஜின்களில் அதோடு வால்வுகளும் வளைந்துவிடும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவதுதான் ஒரே வழி. பெல்ட்டின் விலை சில ஆயிரம்தான், வளைந்த என்ஜினின் செலவு அதைப்போலப் பல மடங்கு!

பணம் கொடுத்தவருக்கு உரிமை இல்லையா?

ஸ்கேனரும் உதிரி பாகமும் கம்பெனி டீலரிடம் மட்டுமே இருந்தால் தெருமுனை மெக்கானிக் என்ன செய்வார்? 2011-ல் இந்தப் புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காக மட்டும் வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன, அபராதக் கணக்கும் மாறியது. ஆனால் கேள்வி பொதுவெளிக்கு வந்துவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையும் அதில் சேர்க்கப்பட்டது.

அழகுபடுத்தலும் சட்டமும்

பராமரிப்பு போதாது, மாற்றியமைக்க வேண்டும் என்ற ஆசையும் பழையதுதான். 60/55 வாட் ஹெட்லைட் இருந்த இடத்தில் 100/90 வாட் பல்பு போட்டார்கள். வெளிச்சம் வந்தது, வயரும் ஹோல்டரும் உருகின! தனி ரிலேயும் கனமான வயரும் இல்லாமல் அது ஆபத்து. எதிரே வருபவரின் கண் கூசுவது தனிப் பிரச்சினை. முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிக்கு 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை சொன்னது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தொழிற்சாலை நின்ற பிறகு

அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே, அதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ளது மறைமலை நகர். 2010-ல் அறிமுகமான ஃபோர்டு ஃபிகோ அங்கேதான் தயாரானது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் அந்த ஆலையின் கடைசிக் கார் வெளிவந்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னாலும், கார் வாங்கியவர்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கம்பெனி முடிவை மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் நிற்கும் காரோ பல வருடம் ஓடியாக வேண்டும்.

வணிகவியல் மாணவர்கள் தேய்மானத்தைக் கணக்கில் எழுதுவார்கள். உண்மையான தேய்மானம் நடப்பது டயரில், பெல்ட்டில், பிரேக் ஆயிலில். கார் வைத்திருப்பவருக்கு அதைக் கவனிக்கும் கடமை உண்டு. யாரிடம் சரிசெய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. இரண்டில் எதை விட்டாலும் அச்சு முறியும்!