கங்கைகொண்டானிலிருந்து மொட்டைமாடிக்கு

தூத்துக்குடி வீட்டு மாடியில் ஏறும் சோலார் பேனல் இப்போது பக்கத்து மாவட்டத்துச் சரக்காகவே இருக்கலாம். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் ஆலை 2023-ல் பேனலும், 2024-ல் செல்லும் செய்யத் தொடங்கியது. ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அதன் திறன். ஆனால் செல்லுக்கு மூலமான வேஃபர், அதாவது சிலிக்கன் கட்டியை ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்த தகடு, இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது. பூர்வீகம் சீனா, பிறந்தது நெல்லைச் சீமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

144 அரைச் செல்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே 3.2 மி.மீ. கண்ணாடி, அடியில் பிளாஸ்டிக் தாள், இடையில் ஒட்டுப்படலம் வைத்துச் சூட்டில் அழுத்தி, அலுமினியச் சட்டம் பூட்டினால் 540 வாட் பேனல் தயார். எடை சுமார் 28 கிலோ, நீளம் இரண்டே கால் மீட்டருக்கு மேல். நம்மூர் மாடிப்படியில் அது திரும்பாது. உடனே ஒருவர் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார். அங்கேதான் வினை. நடு வளைந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். இரண்டு பேர் சட்டத்தைப் பிடித்து நெட்டுக்குத்தலாகக் கொண்டுபோவதுதான் முறை.

வீட்டுக்கு 3 கிலோவாட் என்றால் ஆறு பேனல். மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். தெற்கு பார்த்து, பத்து டிகிரி சாய்த்தால் போதும். தூத்துக்குடிக்கு நேர் உச்சியில் நண்பகல் சூரியன் வருவது சித்திரை பிறக்கும் வாக்கில். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கிறது. வடநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு முப்பது டிகிரி நிமிர்த்தி வைத்தால் கோடை வெயிலும் குறையும், கச்சான் காற்று பிடுங்குவதற்குப் பாயும் விரித்த மாதிரி ஆகும்.

ஏற்றிய முதல் வருடம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் மழைக்காலத்தில்தான் சோதனை ஆரம்பம். கடற்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில், காலை ஆறரைக்கு இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரியும், ‘ஐசொலேஷன் ஃபால்ட்’, அதாவது எர்த்துக்குக் கசிவு, என்று காட்டும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். மாட்டிக்கொடுத்தவர்கள் பேனல் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அதை நம்பவில்லை. “பேனல் அவ்வளவு சீக்கிரம் போகாது சார், உப்பு போற இடம் வேற” என்றார்.

முதலில் ஈபி பக்கத்து சுவிட்சை அணைத்தார், பிறகு பேனல் பக்கத்து டி.சி. சுவிட்சை. இந்த வரிசை முக்கியம். ஆறு பேனல் கோத்த வரிசையில் 300 வோல்ட் டி.சி. நிற்கும், கரண்ட் ஓடும்போது கனெக்டரை இழுத்தால் தீப்பொறி அணையாமல் நின்று எரியும். வரிசையை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிவிட்டு, பிளஸ் முனைக்கும் எர்த்துக்கும் மீட்டரை வைத்தார். நல்ல வரிசையில் கொஞ்சநேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இதில் 100 வோல்ட் அசையாமல் நின்றது. மைனஸ் முனைக்கும் எர்த்துக்கும் 200. பேனலுக்கு 50 வோல்ட் என்றால், பிளஸ் பக்கமிருந்து இரண்டு பேனல் தள்ளித்தான் கசிவு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே குனிந்து பார்த்தால், டை அறுந்து தரையில் கிடந்தது கேபிள். தளத்தில் தேங்கிய ஈரத்தில் ஊறிய கனெக்டர். திறந்தபோது உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. ஒரு ஜோடி கனெக்டரும் நாலு கேபிள் டையும்தான் செலவு.

எனக்கு இது நல்ல பாடம். இந்தக் கரையில் பேனல் சாவது அபூர்வம். சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்கள்தான் முதலில் கைவிடுகின்றன: கனெக்டர், போல்ட், எர்த் கம்பி. உப்பு மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும், அதே உப்பு கம்பியை வேகமாக அரித்தும்விடும். மொத்த வோல்ட்டேஜில் பதினாறு பதினேழு குறைந்தால்கூடப் பேனலைத் தூக்கிப்போட அவசரம் வேண்டாம். பெரும்பாலும் பின்பக்கப் பெட்டியில் இருக்கும் மூன்று டயோடுகளில் ஒன்று போயிருக்கும்.

கழுவுவதில்தான் நம்மவர்கள் தப்பு செய்கிறார்கள். துறைமுக நிலக்கரித் தூசு, காக்கை எச்சம் எல்லாம் சேர்வது உண்மைதான். அதற்காக உவர்ப்பான போர் தண்ணீரை உச்சிவெயிலில் அடித்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம். நல்ல தண்ணீரில், விடியற்காலையில், மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியபோது தூத்துக்குடியே இருட்டில் கிடந்தது. வெயில் வந்த பிறகும், ஈபி கரண்ட் இல்லாததால் மாடியில் ஈபி லைனோடு இணைந்த ஆன்-கிரிட் பேனல்கள் சும்மா நின்றன. லைனில் வேலை செய்பவரைக் காக்க இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படிதான் அமைப்பு. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள், தரைத்தளச் சுவரில் வெள்ளம் எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

பேனலின் மின் உற்பத்திக்கான வாரண்டி பெரும்பாலும் 25 வருடம். அதற்குள் கண்ணாடி உடைந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் அலுமினியச் சட்டத்தை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிடுவார். செல்களைப் பற்றவைத்த ஈயம் மண்ணோடு போகும். 2022-ம் ஆண்டு மின்கழிவு விதிகள் சோலார் பேனலையும் சேர்த்திருக்கின்றன. கழிவுப் பேனல்களை 2034-35 வரை தயாரிப்பாளர்கள் சேமித்து வைக்க வேண்டும் என்கிறது விதி. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், உடைந்ததை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.