மேலெறிந்த கல்லும் எதிர்க்குறியின் வரலாறும்

எதிர்முடுக்கம் என்றால் வேகம் குறைதல் என்றே மாணவர் பலர் மனப்பாடம் செய்கின்றனர். இவ்விளக்கம் பாதி உண்மை மட்டுமே. மேல்நோக்கிய திசையை நேர்த்திசையாகக் கொண்டு, நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் ஒரு கல் மேலெறியப்படுவதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிடில், முதல் நொடியின் முடிவில் அதன் திசைவேகம் 9.8, இரண்டாம் நொடியின் முடிவில் சுழியம், மூன்றாம் நொடியின் முடிவில் −9.8. ஏறுகையில் வேகம் குறைகிறது, இறங்குகையில் கூடுகிறது. முடுக்கமோ பயணம் முழுவதும் −9.8 ஆகவே இருக்கிறது. உச்சியிலும் அது சுழியமாவதில்லை. எதிர்க்குறி இங்கே சுட்டுவது திசையை; வேகக் குறைவை அன்று.

ஏற்றமும் இறக்கமும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்ற தெளிவு எளிதில் வாய்க்கவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், கல் ஏறுவதை வலிந்த இயக்கம் என்றும் விழுவதை இயல்பான இயக்கம் என்றும் இருவேறாகப் பிரித்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான ஹிப்பார்க்கஸ், எறிந்த கை அளித்த விசை கல்லினுள் தங்கிப் படிப்படியாகத் தேய்கிறது என்றார். அவ்விசை எடைக்குச் சமமாகத் தேய்ந்ததும் கல் திரும்புகிறது. எஞ்சியதும் தேயத் தேய, விழும் வேகம் கூடுகிறது.

1590ஆம் ஆண்டளவில் பீசாவில் இருந்த இளம் கலிலியோவும் ஏறக்குறைய இதையே எழுதினார். ஆனால் 1638இல் வெளிவந்த 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் அப்பழைய கருத்தைச் சாக்ரெடோ என்னும் பாத்திரம் முன்வைக்கிறது; சால்வியாட்டி அக்காரண ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்து, சம காலங்களில் சம அளவு வேகம் கூடுவதை அளந்தறியும் வழியைத் தேர்கிறார்.

எதிர் எண்ணின் வரலாறு வேறொரு தடத்தில் நடந்தது. 628இல் பிரம்மகுப்தர், செல்வம், கடன் என்னும் பெயர்களால் நேர், எதிர் எண்களுக்கான விதிகளை வகுத்தார். ஐரோப்பியக் கணிதர் பலர் நெடுங்காலம் எதிர் எண்ணை ஏற்கத் தயங்கினர். 1685இல் ஜான் வாலிஸ், ஐந்து கெஜம் முன்சென்று எட்டுக் கெஜம் பின்வாங்கிய மனிதனின் நிலையை −3 என்று காட்டி, எதிர் எண்ணுக்குத் திசைப்பொருள் அளித்தார். இரண்டே ஆண்டுகளில், 1687இல், இயக்க மாற்றம் விசையின் திசையிலேயே நிகழும் என்று நியூட்டன் விதி வகுத்தார். பிற்கால இயக்கவியல் இவ்விரு தடங்களையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தது.

ஏறும் கல்லினுள் கையின் விசை எஞ்சியிருப்பதாகவும், உச்சியில் முடுக்கம் இல்லை என்றும் இன்றைய மாணவர் விடை எழுதுவதுண்டு. முதல் விடை ஹிப்பார்க்கஸும் இளம் கலிலியோவும் நின்ற இடம். ஆகவே அவ்விடையைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது மட்டும் போதாது. நேர்த்திசை எது என முதலில் வரையச் செய்து, நொடிக்கு நொடி திசைவேக மாற்றத்தைக் கணக்கிடச் செய்தால், எதிர்க்குறியின் பொருளை மாணவர் தாமே கண்டறிவர்.