பொட்டிப்புரம் கற்பித்த பாடம்

போடிநாயக்கனூர் ஏலத்தையே ஏலமிடும் ஊர். மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைகளில் விளையும் நறுமணப் பொருள் இவ்வூர்ச் சந்தையின் வழியாகவே நெடுந்தொலைவு சென்றிருக்கிறது. ஆயினும், அண்மைக் காலத்தில் இம்மலைச் சரிவின் பெயரை உலக அறிஞர்கள் உச்சரிக்கக் காரணமாக இருந்தது ஏலக்காய் அன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்துகள். அத்துகளைப் பற்றிப் போடி மேற்கு மலையடிவாரத்துப் பொட்டிப்புரத்தில் எழுந்த வழக்கின் வரலாறு, நம் பிள்ளைகளுக்கு நாம் அறிவியலை எவ்வாறு கற்பித்து வந்திருக்கிறோம் என்பதைக் காட்டும் கண்ணாடியாகும்.

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் அற்ற துகள். அது இருக்க வேண்டும் என்று பௌலி என்னும் அறிஞர் 1930இல் கணித்தார். 1956இல் அமெரிக்க அறிஞர்கள் அதனைக் கண்டறிந்தனர். கதிரவனிடமிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும், நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு 6,000 கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஊடுருவிச் செல்கின்றன; நாம் அறிவதே இல்லை. பிற கதிர்களைத் தடுத்து இவற்றை மட்டும் பிரித்தறிய வேண்டுமாயின், தடித்த பாறையின் அடியில்தான் கருவியை நிறுவ வேண்டும். கோலார் தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கும் கீழே அமைந்த ஆய்வுக்கூடத்தில், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயம் 1965இல் பதிவாயிற்று. உலகிலேயே அதனை முதலில் கண்ட குழுக்களுள் அதுவும் ஒன்று. அத்தங்கச் சுரங்கங்களில் வியர்வை சிந்தியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

1990களின் தொடக்கத்தில் கோலார் ஆய்வு நின்றபின், புதிய இடம் தேடினர். முதலில் கருதப்பட்ட நீலகிரிச் சிங்காரா, புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009இல் கைவிடப்பட்டது. பின்னர்ப் போடி மேற்கு மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளக் குகைவழி, அதன் முடிவில் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு, சுற்றிலும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை என்பது திட்டம். 2015 ஜனவரியில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

உடனே எதிர்ப்பு மூண்டது. வழக்குகள் தொடர்ந்தன. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மைய அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. குகை தோண்டப்படவில்லை.

அந்நாட்களில் ஊர்தோறும் எழுந்த பேச்சில் இரு வகை இருந்ததை நாம் காண்கிறோம். நியூட்ரினோ மனிதரை அழிக்கும் கதிர் என்பது ஒரு வகை. நியூட்ரான் என்னும் பெயரோடு ஒலியால் நெருங்கி நின்றமையும் இந்த அச்சத்திற்குத் துணைபோயிற்று. வெடிவைத்தால் மலை என்னாகும், நீரூற்று வற்றுமா, லட்சக்கணக்கான டன் கல்லை எங்கே கொட்டுவர், அருகிலுள்ள மதிகெட்டான் சோலைக் காட்டு விலங்குகளின் கதி என்ன என்பன மற்றொரு வகை. முன்னது பிழையான அச்சம். பின்னது நியாயமான வினா. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல்தான் அறிவியல் கல்வியின் பயன். அது நம்மிடையே அரிதாயிருந்தது. நியாயமான வினாவும் பிழையான அச்சத்தோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டுத் தள்ளப்பட்டது. அல்லது ஒரே கட்டாக நம்பப்பட்டது.

இதற்குக் குற்றவாளி ஊர் மக்களா? அல்லர். பத்து ஆண்டுகள் அறிவியலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்தது, பாடம் வந்தது. ஆனால் வினாவுக்கு விடை எழுதும் பழக்கம் வந்த அளவுக்கு, விடையை நோக்கி வினாத் தொடுக்கும் பழக்கம் வரவில்லை. மாற்றுவழி முயலப்படாமலும் இல்லை. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாதில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய திட்டத்தில், பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்றனர். தேர்வுக்கும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினர். 30 ஆண்டுகள் நடந்தபின் 2002இல் அது நிறுத்தப்பட்டது. தமிழகத்திலும் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 'துளிர்' என்னும் சிறுவர் இதழை நடத்தி வந்திருக்கிறது.

கருவிகள் இல்லையே என்பார் உண்டு. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம், விளக்குகளை வரிசையாக வைத்து, சிறு துளையின் வழியே இருட்டறைக்குள் விழும் ஒளிப்புள்ளிகளை நோக்கினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. விளக்கும் துளையும் எந்தப் பள்ளிக்கு எட்டாதவை?

போடிப் பிள்ளைகளுக்கோ மலையே ஆய்வுக்கூடம். நாள்தோறும் ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் அவர்கள். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். சோறு வேகத் தாமதமாவது ஏன் என்று அங்கே உலை வைக்கும் தாயிடமிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். மலைக்கு அப்பால் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இப்பால் ஏன் வறள்கிறது என்பது அடுத்த பாடம். ஏலப்பூ விடியலில் மலர்ந்து ஒரே நாளில் வாடுவது. சில சரங்களை மெல்லிய துணியால் மூடி, சிலவற்றைத் திறந்துவிட்டுக் காய்களை எண்ணினால், தேனீயின் பணி தானே விளங்கும். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் கம்பிவடத்தில் தொங்கி இறங்கின. இறங்கும் பாரம் ஏறும் பாரத்திற்கு எவ்வாறு துணைசெய்யக்கூடும் என்பதை ஒரு கப்பியும் கயிறும் கொண்டு காட்டிவிடலாம்.

இடர்கள் இல்லாமல் இல்லை. பாடத்தை முடித்தாக வேண்டிய ஆசிரியருக்கு நேரம் போதாது. பொதுத்தேர்வு, செய்து பார்த்தவனையும் மனனம் செய்தவனையும் ஒரே தட்டில் நிறுக்கிறது. பெற்றோராகிய நாமும் மதிப்பெண்ணைக் கேட்கிறோமேயன்றி, "எதனால் அப்படி?" என்று பிள்ளை கேட்கும்போது பொறுமை இழக்கிறோம். முதலிரண்டைத் திருத்த அரசு வேண்டும். மூன்றாவதைத் திருத்த நம் வீடே போதும்.

நாளை இம்மலைக்கு வேறொரு திட்டம் வரலாம்; ஆய்வுக்கூடமோ, அணையோ, சாலையோ ஆகலாம். அன்று எத்தனை டன் கல், எவ்வளவு நீர், எந்தக் கதிர், என்ன சான்று என்று கணக்குக் கேட்டு, உரியதை ஏற்கவும் உரியதை மறுக்கவும் வல்லவர் வேண்டும். அவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.