மாலுமியின் இடைக்கத்தி: ஒரு கருவியும் அதன் மீதான அச்சமும்

கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் மன்னர்களின் பெயராலும் போர்களின் பெயராலுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பாய்மரத்தில் ஏறியவனும் நங்கூரக் கயிற்றை இழுத்தவனும் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். அவனது இடுப்பில் உறையோடு தொங்கிய மடங்காத கத்தியோ இன்னும் அரிது. ஆயினும் அக்கத்தி எவ்வாறு செய்யப்பட்டது, அதனைக் கண்டு அதிகாரம் ஏன் அஞ்சியது என்பவற்றைத் தேடிச் சென்றால், உழைப்பவனுக்கும் ஆள்பவனுக்கும் இடையிலான பழைய வழக்கொன்று கண்முன் விரிகிறது.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ், 1545 ஜூலை 19ஆம் திகதி பிரெஞ்சுக் கடற்படையுடனான மோதலின்போது போட்ஸ்மவுத்துக்கு அருகே மூழ்கியது. எதிரிகள் தாவி ஏறாதிருக்க மேற்தளத்தின் மீது கட்டப்பட்டிருந்த வலையே, உள்ளிருந்தோர் பலர் தப்ப முடியாமற் போனமைக்குக் காரணமாயிற்று. 1982 அக்டோபரில் அக்கப்பலின் உடற்பகுதி மேலே கொண்டுவரப்பட்டது. அகழாய்வில் கத்திகளின் மரப்பிடிகளும் தோலுறைகளும் கிடைத்தன. இரும்பு அலகுகளையோ பெரும்பாலும் கடல் தின்றுவிட்டிருந்தது. மரமும் தோலும் சேற்றில் நிலைக்க, இரும்பு அழிந்தது. கடலில் பயன்படும் கத்தியைச் செய்பவன் முதலில் எதிர்கொள்ள வேண்டிய பகைவன் உப்பு என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

மடக்குக் கத்தி இருக்க, மடங்காத கத்தி எதற்கு? கப்பலில் ஒரு கை கப்பலுக்கு, மறு கை தனக்கு என்பது மேலைக் கடலோடிகளின் முதுமொழி. ஓடும் கயிற்றின் சுருக்கில் கால் அகப்பட்டால், அதனை அறுப்பதற்குக் கிடைப்பது சில கணங்களே. மடக்குக் கத்தியைத் திறக்கப் பொதுவாக இரு கைகள் வேண்டும். அதன் மூட்டில் உப்பு படிந்து இறுகிவிடும். அழுத்தும்போது விரலின் மீதே மூடிக்கொள்ளவும் கூடும். உறைக்கத்தியோ குளிரில் விறைத்த ஒற்றைக் கைக்கும் வசப்படும்.

இதனைச் செய்வோன் தெரிவு செய்வது காபன் கூடிய உருக்கை. உலையில் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து அலகை நீட்டுவான். பின்னர் ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுவான். 770 பாகையளவில் இரும்பு காந்தத்தில் ஒட்டும் இயல்பை இழப்பதால், வெப்பமானி இல்லாத பட்டறையில் ஒரு காந்தத் துண்டே அளவுகோலாகிவிடுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயில் தோய்த்ததும் அலகு கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கவும் செய்யும். ஆகவே 200 முதல் 250 பாகை வரை மீண்டும் இளஞ்சூடாக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் படரும்போது நிறுத்துவான். படகுக் கத்திக்குச் சவரக் கத்தியின் கடினம் ஆகாது. மழுங்கிய விளிம்பைக் கடலிலேயே தீட்டிக்கொள்ளலாம். உடைந்த அலகுக்கு அங்கு மருந்தில்லை.

அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை நீள வேண்டும். பிடிக்கும் இரும்புக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் உப்புநீர் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். எனவே அவ்விடத்தைப் பிசினால் அடைப்பர். பித்தளை ஆணிகள் அழகுதான். ஆயினும் உப்புநீரில் பித்தளையைத் தொட்டிருக்கும் உருக்கே விரைவில் அரிபடும். பிடியின் முனையில் ஒரு துளையிட்டுக் கயிறு கோத்தால், கை நழுவினாலும் கத்தி கடலுக்குப் போகாது.

உருக்கின் கதையில் எமது தீவுக்கும் பங்குண்டு. சமனலவெவப் பகுதியில், மேற்குச் சரிவுகளில் வீசும் பருவக்காற்றின் விசையால் இயங்கிய பண்டைய உலைகள் உயர் காபன் உருக்கை உற்பத்தி செய்யவல்லவை என்பதை, ஆய்வாளர் கில் ஜூலெவ் உலையொன்றை மீள அமைத்து இயக்கிக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். துருவை எதிர்க்கும் குரோமிய உருக்கை ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி உருவாக்கியது 1913இல்தான். அதுவரை மாலுமிக்கு எண்ணெய்த் துணியும் சாணைக்கல்லுமே துணை.

ஆனால் உப்பைவிட வலிய பகைவன் ஒருவன் இருந்தான். அவன் கப்பல் தலைவனின் அச்சம். அமெரிக்கக் கப்பல்களில் மாலுமிகளைக் கசையால் அடிக்கும் தண்டனையை அந்நாட்டுக் காங்கிரஸ் 1850இல் ஒழித்தது. பதினாறு ஆண்டுகளின் பின், 1866இல், வணிகக் கப்பல் மாலுமி எவரும் கப்பலில் உறைக்கத்தி அணியலாகாது என அதே காங்கிரஸ் சட்டம் இயற்றியது. வேலைக்குச் சேர வருவோருக்கு இதனை அறிவிக்கத் தவறும் தலைவனுக்கு ஐம்பது டொலர் தண்டம். கைகலப்புகளில் கத்தி உயிர் பறித்ததுண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் கயிற்றில் சிக்கியவனின் உயிரைக் காத்ததும் அதே கத்திதான். இந்த விதி இன்றும் அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது. தலைவனின் சம்மதமிருந்தால் அணியலாம் என்பது மட்டுமே இப்போதுள்ள தளர்வு.

யுத்த காலத்தில் எமது வட கடலில் மீன்பிடிக்கும் நேரமும் தூரமும் படகு இயந்திரங்களின் வலுவும் கட்டுப்படுத்தப்பட்டதை அறிந்தோருக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. கருவியைப் பார்க்கும் அதிகாரம் அதில் ஆயுதத்தைக் காண்கிறது. உழைப்பவனோ அதில் அன்றைய சோற்றையும் கரை திரும்பும் உறுதியையும் காண்கிறான். இரு பார்வைகளிலும் உண்மை இருக்கலாம். ஆனால் கருவி பறிக்கப்படும்போது அதன் விலையைச் செலுத்துபவன், எப்போதும் கடலில் நிற்பவனே.