ரிப்பன் மாளிகையும் காலியாகக் கிடந்த மன்றமும்

சொத்து வரி ரசீதில் பார்த்துப் பழகிய பெயர்தான், சென்னை மாநகராட்சி. அதன் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகையைச் சென்ட்ரல் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோம். உள்ளே போனவர்கள் நம்மில் குறைவு.

மாநகராட்சி 1688-லேயே தொடங்கிவிட்டது. கட்டடம் வந்தது வெகு காலம் கழித்து. அதற்கு முன் அலுவலகம் ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்தது. 1909 டிசம்பரில் பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் வைஸ்ராய் மின்டோ அடிக்கல் நாட்டினார். ஹாரிஸ் வரைந்த திட்டப்படி லோகநாத முதலியார் கட்டினார். செலவு 7.5 லட்சம் ரூபாய். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்திரம், தரைக்குக் கடப்பைக் கல் (பளிங்கு பிற்பாடு வந்தது). கோபுரம் 43 மீட்டர் உயரம். அதில் சாவி கொடுத்து ஓட்டும் எட்டு அடி விட்டக் கடிகாரம். 1913 நவம்பர் 26 அன்று ஹார்டிஞ்ச் திறந்து வைத்தார்.

ரிப்பன் பிரபுவோ 1884-லேயே பதவி முடிந்து ஊர் திரும்பியவர். பிறகு ஏன் அவர் பெயர்? உள்ளாட்சி மன்றங்களில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார வேண்டும் என்று 1882-ல் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். முகப்பில் சிலையாக நிற்கும் சர் பிட்டி தியாகராயர், தேர்தல் மூலம் வந்த முதல் மாநகராட்சித் தலைவர். 1957-ல் தாரா செரியன் இங்கே முதல் பெண் மேயரானார்.

ஆனால் 1973-ல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான்! இடைப்பட்ட சுமார் 23 ஆண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சி. கடிகாரம் மணி அடித்தது, வரி வசூலானது, கவுன்சிலர்களின் நாற்காலிகள் மட்டும் காலி. 2016-ல் மறுபடியும் அதே கதை, 2022 வரை. தெருவிளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும் யாரிடம் போவதென்று நம் சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசி ஓய்ந்தது பலருக்கு நினைவிருக்கும். கட்டடம் பழுதானால் பூசி, வெள்ளையடித்துவிடலாம். உள்ளே கேள்வி கேட்க ஆளில்லாத ஆண்டுகளை எதைக் கொண்டு பூசுவது?

2022 மார்ச் 4 அன்று ஆர். பிரியா மேயராகப் பொறுப்பேற்றார். 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்களோடு மன்றம் மறுபடி கூடியது. அந்த 200-ல் ஒருவர் நம் வார்டுக்காரர்.